ஆறாயிரம் டாலர் திரும்பி வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் அவனுடைய அபார்ட்மென்ட். கையில் மடித்த ஒரு தாள். முந்தின நாள் சாயந்திரம் ஒரு சொகுசுக் கார் டீலரிடம் போய்விட்டு வந்திருக்கிறான். தாளின் நடுவில் தடித்த பேனாவால் 795 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, சற்றுச் சின்னதாக, கையெழுத்தன்று 6,000.

டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி இது: "மாமா, இந்த ஆறாயிரத்தை மூணு வருஷம் கழிச்சுத் திரும்பக் கொடுத்துடுவாங்கள்ல?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அவன் வளர்ந்ததே லீஸ் வீட்டில்தான். நம்மூரில் லீசுக்கு வீடு என்றால் ஒத்தி. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுப்போம். மாத வாடகை கிடையாது. மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். அந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கார் லீசுக்குள் போனால் முதல் அடியிலேயே தவறுகிறோம். இங்கே டவுன் பேமென்ட் என்று கொடுக்கும் பணம் முன்கூட்டியே கட்டிய வாடகை. அது திரும்பாது. வந்து பல வருடம் ஆனவர்கள்கூட இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று தெரிய வேண்டும். நாம் பேசுவது டீலரிடம். ஆனால் நடைமுறையில் டீலர் காரை விற்பது கார் கம்பெனியின் நிதிப் பிரிவுக்கு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், லெக்சஸ் எல்லாவற்றுக்கும் சொந்தமாக இப்படி ஒரு நிதிப் பிரிவு உண்டு. காரின் சொந்தக்காரர் அவர்கள். நமக்கு மூன்று வருடத்துக்கு ஓட்டக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அவர்கள். ஆகவே சில எண்கள் டீலர் கையில், சில எண்கள் நிதிப் பிரிவின் கையில். டீலர் கையில் இல்லாததற்கு அவரிடம் மல்லுக்கு நிற்பது வீண். அவர் கையில் இருப்பதைப் பேசாமல் விடுவது நஷ்டம்.

இனி கணக்கு. அவன் பார்த்த காரின் ஸ்டிக்கர் விலை 60,000 டாலர். மூன்று வருடம் கழித்து, வருடத்துக்கு 10,000 மைல் ஓடியபின், அதன் மதிப்பு 34,800 என்று நிதிப் பிரிவு இன்றைக்கே எழுதி வைத்துவிடுகிறது. அதாவது ஸ்டிக்கர் விலையில் 58 சதவீதம். இதற்கு ரெசிடுவல் என்று பெயர். நாம் எவ்வளவு பேரம் பேசி விலையைக் குறைத்தாலும் இந்த 58 சதவீதம் ஸ்டிக்கர் விலையின்மேல்தான் கணக்கிடப்படும். இது நமக்கு நல்லது. விலையில் குறைத்த ஒவ்வொரு டாலரும் அப்படியே தேய்மானத்திலிருந்து குறைகிறது. ரெசிடுவலை டீலரால் மாற்ற முடியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

லீஸ் தவணையில் இரண்டு துண்டு. ஒன்று தேய்மானம். கார் இன்று என்ன விலைக்குக் கணக்கில் ஏறுகிறதோ அதிலிருந்து ரெசிடுவலைக் கழித்து மாதங்களால் வகுப்பது. மற்றொன்று, நம்மிடம் காராக நிற்கிற அவர்களுடைய பணத்துக்கான வட்டி. இதை வட்டி என்று சொல்லாமல் ரென்ட் சார்ஜ் என்பார்கள். சதவீதத்திலும் சொல்ல மாட்டார்கள். மணி ஃபேக்டர் என்று ஒரு பொடி எண்ணைச் சொல்வார்கள். 0.0022 என்ற மாதிரி இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். அதை 2,400-ஆல் பெருக்கினால் 5.28 வரும். ஏறக்குறைய அதுதான் வருட வட்டி சதவீதம்.

"2,400 எங்கேர்ந்து வருது மாமா?" என்றான். கணக்குப் படித்த பையன், சும்மா ஒப்புக்கொள்ள மாட்டான். நல்ல கேள்வி. பலர் இதை மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்களே தவிர, காரணம் சொல்வதில்லை.

அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேரம் பேசி 60,000 டாலர் காரை 55,400-க்கு ஒப்புக்கொள்ள வைத்தோம் என்று வை. நிதிப் பிரிவு லீசைத் தொடங்குவதற்கு ஒரு கட்டணம் வாங்கும். சொகுசுக் கார்களில் அது ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும். அதையும் சேர்த்து 56,400. இதுதான் கேப் காஸ்ட், அதாவது காரின் கணக்கு விலை. தேய்மானம் 56,400 கழித்தல் 34,800, அதாவது 21,600. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 600. இது எல்லோருக்கும் புரியும்.

வட்டி எதன்மேல்? முதல் நாள் அவர்களுடைய பணம் 56,400 நம்மிடம் காராக நிற்கிறது. கடைசி நாள் 34,800 நிற்கிறது. நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. சராசரி என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 45,600. அதற்கு 5.28 சதவீதம் வருட வட்டி 2,407 டாலர் 68 சென்ட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 200.64. இப்போது அவர்கள் சூத்திரத்தில் போடு. 56,400-ஐயும் 34,800-ஐயும் கூட்டினால் 91,200. அதை 0.0022-ஆல் பெருக்கு. அதே 200.64. சராசரிக்காக இரண்டால் வகுப்பது, மாதத்துக்காகப் பன்னிரண்டால் வகுப்பது, சதவீதத்துக்காக நூறால் வகுப்பது, மூன்றையும் சேர்த்தால் 2,400. அவ்வளவுதான் சங்கதி. தேய்மானத்துக்குக் கழிக்கிறோமே, வட்டிக்கு ஏன் கூட்டுகிறார்கள் என்று குழம்புகிறவர்களுக்கும் இதுவே பதில்.

ஆக மாதம் 800 டாலர் 64 சென்ட், வரிக்கு முன். கையெழுத்தன்று டவுன் பேமென்ட் எதுவும் இல்லாமல்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப அவங்க சொன்ன 795 தானே மாமா குறைச்சல்?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று அந்தத் தாளைத் திருப்பி, 795 எப்படி வந்தது என்று எழுதிக் காட்டினேன். விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. 60,000 அப்படியே. அதோடு ஆயிரம் கட்டணம், 61,000. அதிலிருந்து இவன் கொடுக்கும் 6,000-ஐக் கழித்து 55,000. தேய்மானம் 20,200, மாதத்துக்கு 561.11. மணி ஃபேக்டர் 0.0026 போட்டிருக்கிறார்கள். 55,000-ஐயும் 34,800-ஐயும் கூட்டிப் பெருக்கினால் 233.48. மொத்தம் 794.59. வட்டம் போட்ட 795 இதுதான்.

இப்போது மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பார். பேரம் பேசிய கணக்கில் 800.64-ஐ 36-ஆல் பெருக்கினால் 28,823 டாலர். வட்டம் போட்ட கணக்கில் தவணைகள் மட்டும் 28,605. அதோடு முதல் நாள் கொடுத்த 6,000. ஆக 34,605. மாதத் தவணை ஆறு டாலர் குறைவு. மொத்தத்தில் 5,782 டாலர் அதிகம். கார் அதே கார், நிறமும் அதே நிறம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

டீலர்ஷிப்பில் நடந்ததை அவன் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. உட்கார்ந்ததும் விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட நினைக்கிறீர்கள்?" என்பது. இவன் எண்ணூறு என்றிருக்கிறான். அந்த நிமிடத்திலேயே பேரம் முடிந்துவிட்டது. எண்ணூறுக்குள் ஒரு தவணையை வர வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. டவுன் பேமென்டைக் கூட்டலாம். 36 மாதத்தை 39 ஆக்கலாம். 12,000 மைலை 10,000 ஆக்கலாம், சிலர் 7,500-கூட ஆக்குவார்கள். ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, பழைய கார், விலை, முன்பணம், மாதத் தவணை என்று எழுதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நம்மை இழுத்துக்கொண்டே போகும் பழைய முறை ஒன்றும் இந்தத் தொழிலில் உண்டு. ஒரு கட்டத்தில் கொடுத்ததை அடுத்த கட்டத்தில் எடுத்துவிடுவார்கள். நான் சொல்லும் ஒரே வழி: மாதத் தவணையைப் பற்றி வாயே திறக்காதே. காரின் விலையைப் பேசு, ரொக்கம் கொடுத்து வாங்க வந்தவன் பேசுவதுபோல. அது முடிந்தபின் மணி ஃபேக்டரைப் பேசு. மற்றதெல்லாம் பெருக்கலும் கூட்டலும்தான். தவணை தானாக வந்து நிற்கும்.

விலையில் குறைக்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலரும் 36 மாத லீசில் மாதத்துக்கு ஏறக்குறைய 30 டாலர். இதை மனதில் வைத்துக்கொண்டால் டீலர் மேசையில் கால்குலேட்டரே வேண்டாம். "விலையில் ரெண்டாயிரம் குறைச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டுத் தவணை இருபது டாலர்தான் இறங்கியது என்றால், எங்கேயோ வேறு ஏதோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே ஏறியிருக்கும்? பெரும்பாலும் மணி ஃபேக்டரில். ஒவ்வொரு மாதமும் நிதிப் பிரிவு தன் அடிப்படை எண்ணை டீலர்களுக்கு அனுப்புகிறது. டீலர் அதன்மேல் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், அந்த ஏற்றம் டீலருக்கு லாபமாகப் போகிறது. சொகுசுக் கார்களில் வழக்கமாகப் பார்க்கும் ஏற்றம் 0.0004. நாலாவது தசமத்தில் ஒரு நாலு, யார் கவனிப்பார்கள்? ஆனால் நம் 91,200-ஐ அதால் பெருக்கினால் மாதம் 36 டாலர் 48 சென்ட். மூன்று வருடத்தில் 1,313 டாலர். நல்ல கிரெடிட் ஸ்கோர் உள்ளவருக்கும் இதை ஏற்றுகிறார்கள். ஸ்கோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "இது உங்கள் அடிப்படை எண்ணா, ஏற்றியதா?" என்று நேராகக் கேட்டால் பலர் இறங்கி வந்துவிடுகிறார்கள். கேட்கத் தெரிந்தவரிடம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அவர்களுக்கும் பயனில்லை. ஐந்து டீலரிடம் கேட்டால் அவற்றில் மிகக் குறைந்த எண் அடிப்படை எண்ணாகவோ அதற்கு வெகு அருகிலோ இருக்கும்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்வோர் லீஸ் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி ஒப்பந்தத்தில் காரின் கணக்கு விலை, கழித்த முன்பணம், ரெசிடுவல், ரென்ட் சார்ஜ் டாலரில், மொத்தம் கட்ட வேண்டிய தொகை எல்லாம் தெளிவாகக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். முன்கூட்டியே முறித்தால் பெரிய தொகை கட்ட நேரலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும். ஆனால் வட்டி விகிதத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடனில் கார் வாங்கினால் வருட வட்டி சதவீதம் கண்ணில் படும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும், லீசில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஒப்பந்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது, 2025-ல் அது 71,900 டாலராக இருந்தது. மொத்த ஒப்பந்தத் தொகை அந்த வரம்பைத் தாண்டும் மிக விலை உயர்ந்த கார்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துவதே இல்லை.

இருந்தாலும் வழி உண்டு. ஒப்பந்தத்தில் காட்டிய மொத்த ரென்ட் சார்ஜை மாதங்களால் வகுத்து, அதை, முன்பணம் கழித்த கணக்கு விலையும் ரெசிடுவலும் கூட்டிய தொகையால் வகுத்தால் மணி ஃபேக்டர் வெளியே வந்துவிடும். இவன் தாளுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 8,405-ஐ 36-ஆல் வகுத்து 89,800-ஆல் வகுக்க வேண்டும். 0.0026. சதவீதத்தில் 6.24. போனில் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தைக் கையெழுத்துக்கு முன்னால் செலவிட வேண்டும்.

இரண்டாவது டம்ளர் டீக்கு இஞ்சி தட்டிப் போட்டேன். ஆறாயிரத்தைப் பற்றி அவனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "கொடுத்தா வட்டியாவது குறையும்ல?" என்றான். குறையும். ஆனால் கொஞ்சம்தான். 0.0022-க்கு ஆறாயிரம் கொடுத்தால் மாதம் 13 டாலர் மிச்சம். அதற்காக எடுக்கும் ஆபத்து பெரிது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். நான் முதல்முதலில் லீஸ் எடுத்தபோது நாலாயிரம் டாலர் முன்பணம் கொடுத்தேன், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். ஐந்தாவது மாதம், பனி பெய்த ஒரு காலையில், 287 நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரி இடித்துக் கார் ஒன்றுக்கும் ஆகாமல் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி காரின் அன்றைய மதிப்பைக் காரின் சொந்தக்காரரான நிதிக் கம்பெனிக்குக் கொடுத்துக் கணக்கை முடித்தது. சட்டப்படி சரியான காரியம். என் நாலாயிரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: லீசில் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், வரி, இவை போதும். காரின் மதிப்புக்கும் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் கேப் (gap) பாதுகாப்பு பெரும்பாலான சொகுசுக் கார் லீஸ்களில் சேர்ந்தே வருகிறது. அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதுகாப்பும் நாம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தராது.

திரும்பி வரும் பணமும் ஒன்று உண்டு, நம்மூர் ஒத்தியை நினைவூட்டுவது. சில நிதிப் பிரிவுகள் செக்யூரிட்டி டெபாசிட்டாக, ஒன்றல்ல, பல மடங்கு வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக மணி ஃபேக்டரைக் குறைக்கும். லீஸ் முடிந்ததும் அந்தப் பணம் திரும்பி வரும். கையில் சும்மா கிடக்கும் பணம் இருந்தால், அந்தக் கம்பெனியில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பது நல்லது. எல்லாக் கம்பெனிகளிலும் இல்லை.

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம். லீஸ் என்றால் கட்டப்போகும் மொத்தத் தவணைகளின்மேல், ஆரம்பத்திலேயே. நம் 28,823-க்கு அது 1,910 டாலர். அதைத் தவணையோடு சேர்த்துக் கட்டவும் விடுவார்கள். 45,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புதுக் காருக்கு 0.4 சதவீதம் சொகுசு மேல்வரியும் இங்கே உண்டு. டெக்சாசில் காரின் முழு விலைமேல் 6.25 சதவீதம் விழும், மூன்று வருடம் மட்டும் ஓட்டுகிறவருக்கும். டல்லாஸில் இருக்கும் சொந்தக்காரரின் கணக்கை இங்கேயும் எங்கள் கணக்கை அங்கேயும் வைத்து ஒப்பிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். டீலர் வாங்கும் ஆவணக் கட்டணமும் அப்படியே. கலிபோர்னியாவில் அதற்கு 85 டாலர், நியூயார்க்கில் 175 டாலர் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் வரம்பில்லை, பல நூறு டாலர் கேட்கிறார்கள். அதைக் குறைக்க மாட்டேன் என்றால் விலையில் அந்த அளவு குறைக்கச் சொல்ல வேண்டும்.

"இந்தக் கார் விலை கூட, வேற ஒரு பிராண்டு ஆறாயிரம் கம்மி, அதையே எடுத்துக்கட்டுமா?" என்று நடுவில் கேட்டான். லீசில் விலையைவிடத் தேய்மானம்தான் பேசும். உதாரணத்துக்கு, 60,000 டாலர் கார் ஒன்று 60 சதவீத மதிப்பைத் தக்க வைத்தால் இழப்பது 24,000. 54,000 டாலர் கார் 50 சதவீதம்தான் தக்க வைக்கும் என்றால் இழப்பது 27,000. விலை குறைந்த காருக்குத் தவணை அதிகம். பெரிய செடான்களும் மின்சாரக் கார்களும் வேகமாக மதிப்பு இழக்கிறவை. மின்சாரக் கார் லீசில் 7,500 டாலர் மத்திய அரசு வரிச்சலுகை தவணையைக் குறைத்துக்கொண்டிருந்தது, 2025 செப்டம்பர் 30-ஓடு அது போய்விட்டது. நண்பர்கள் அதற்குமுன் வாங்கிய தவணையை இப்போது எதிர்பார்க்க வேண்டாம்.

மைல் கணக்கில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுவது உண்டு. ஏமாற்றுவது வேறு யாருமில்லை, நம் சொந்த மதிப்பீடு. மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி வேலைக்குப் போகிறேன், பத்தாயிரம் மைல் தாராளம் என்பான் இவன். ஆனால் பிரிட்ஜ்வாட்டர் கோயில், தமிழ்ப் பள்ளி, கோடையில் அம்மா அப்பா வந்தால் நயாகரா, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்வர மட்டும் ஏறக்குறைய 700 மைல். வரம்பைத் தாண்டினால் சொகுசுக் கார்களில் மைலுக்கு 25 அல்லது 30 சென்ட். நாலாயிரம் மைல் தாண்டினால் ஆயிரம் டாலருக்குக் குறையாது. முதலிலேயே 12,000 மைல் எடுத்தால் ரெசிடுவல் சுமார் ஒரு சதவீதம்தான் இறங்கும். நம் காருக்கு அது 600 டாலர்.

சர்வீசுக்கு வருகிறவர்களுக்கு இரவலாகக் கொடுத்து ஓட்டிய லோனர் கார்களையும் லீசுக்குக் கொடுப்பார்கள். சில ஆயிரம் மைல் ஓடியிருக்கும். விலையில் நல்ல குறைப்பு கிடைக்கும். ஓடிய மைலுக்காக ரெசிடுவலும் குறையக்கூடும், அதையும் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை ஒப்புக்கொண்டபின் இன்னொரு அறைக்கு அழைத்துப் போவார்கள், அங்கே பைனான்ஸ் மேனேஜர் இருப்பார். டயர் பாதுகாப்பு, பெயின்ட் பாதுகாப்பு, நீட்டித்த வாரன்டி என்று வரிசையாக வரும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி கார்களுக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல் வாரன்டி இருக்கிறது. மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிற காருக்கு நீட்டித்த வாரன்டி வேண்டியதில்லை. டயர் பாதுகாப்பு மட்டும், குண்டும் குழியுமான சாலையில் தினமும் போகிறவருக்கு யோசிக்கத்தக்கது. இன்ஷூரன்சுக்கு முன்கூட்டியே விலை கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், லீஸ் கம்பெனிகள் சட்டம் கேட்பதைவிட அதிகப் பாதுகாப்புத் தொகை கேட்கும்.

இதெல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. இவன் எச்-1பி விசாவில் இருக்கிறான். வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். 36 மாத லீசை ஏழாவது மாதத்தில் முறிப்பது கார் விஷயத்திலேயே மிகவும் செலவு பிடிக்கும் காரியம். பாக்கித் தவணைகளில் பெரும்பகுதியும் அபராதமும் சேர்ந்து விழும். சொந்தக் கார் என்றால் அந்த வாரமே விற்றுவிட்டு விமானம் ஏறலாம். லீஸை இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சில நிதிப் பிரிவுகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. சில மாற்றியபின்னும் முதல் ஆளைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. விசாவில் இருப்பவர் விலைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவனுடைய விசா நீட்டிப்பு மனு இன்னும் முடிவாகவில்லை என்று அப்போதுதான் சொன்னான். பத்து வருடம் ஒரே காரை ஓட்ட நினைக்கிறவருக்கும் நான் லீஸ் சொல்ல மாட்டேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் காரை மாற்றுகிறவருக்கு, வேலையும் இருப்பும் உறுதியாக உள்ளவருக்கு, அது சரியான ஏற்பாடு.

"ராத்திரிக்குள்ள சொன்னாத்தான் இந்த விலைன்னாங்க மாமா" என்றான். சனிக்கிழமை ராத்திரி சொன்ன அந்த விலை திங்கட்கிழமையும் இருக்கும். நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. பலர் அதைத் தொந்தரவு என்பார்கள். எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் தெரிகிறது, இவன் இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து யோசிக்க ஒரு நாள் கிடைத்ததே.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். ஐந்து டீலர்களுக்கு அதே கடிதம். இந்த மாடல், இந்த வசதிகள், 36 மாதம், வருடம் 12,000 மைல், முன்பணம் இல்லை. கார் கம்பெனி தரும் சலுகைகளைச் சேர்க்காமல் உங்கள் விற்பனை விலை என்ன, கம்பெனிச் சலுகை தனியாக எவ்வளவு, மணி ஃபேக்டர் என்ன, ரெசிடுவல் எத்தனை சதவீதம், கட்டணங்கள் எவை, கையெழுத்தன்று மொத்தம் எவ்வளவு. சலுகையைத் தனியாகக் கேட்டது ஏனென்றால், கம்பெனி கொடுக்கும் பணத்தைத் தான் குறைத்ததாக டீலர் காட்டுவது வழக்கம். புதன்கிழமைக்குள் மூன்று பேர் பதில் போட்டார்கள். இருவர் எல்லா எண்ணையும் எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் நேரில் வாருங்கள் பேசிக்கொள்வோம் என்று மட்டும் எழுதியிருந்தார். அவரிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசா நீட்டிப்பு வந்தபின் அந்த இருவரில் ஒருவரிடம் போவதாக இருக்கிறான்.

இங்கே புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார் வாங்கி மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். வீட்டு வாசலில் வந்து விற்பவற்றுக்கு அப்படி ஒரு மத்திய அரசு விதி இருக்கிறது. டீலர்ஷிப்பில் உட்கார்ந்து எழுதும் கார் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வந்து பல வருடம் ஆன ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டுங்கள். நாங்கள் டீ போட்டு வைக்கிறோம்.